குளிக்கப் போன எலியப்பா

மௌரீனைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி, "அதுக்கு உங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கு?" என்று கேட்டாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டேன். யோக்கியதை இல்லைதான். ஆனால் நடந்தது முழுக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் என்னைக் காட்டிக்கொடுக்கவே மாட்டார் என்று ஆகிவிட்டது. மிச்சம் நான்தான்.

பெங்களூர் அடுகோடியில் எனக்கு ஒரு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, ஞானஸ்நான அழைப்பு, கண்ணீர் அஞ்சலி என்று தமிழில் எது அடிக்க வேண்டுமானாலும் ஓசூர் ரோடு பக்கத்து ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். சொந்த ஊர் குடியாத்தம். எங்கள் பக்கத்து நாக்குக்கு ழ வராது. வாழைப்பழம் 'வாளப்பளம்' என்றுதான் வரும். நான் கண்ணாடி முன்னால் நின்று பழகி அதை வரவழைத்தவன். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகம். கடைக்கு வருகிறவர் 'களுத்து' என்று சொன்னால் 'கழுத்து' என்று திருத்தாமல் வாசலைத் தாண்ட விடமாட்டேன். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

மௌரீனுக்கு நாற்பத்தாறு வயது. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கர். தைத்து வருகிற சட்டையை மேசையில் விரித்து, காலர், கை, பட்டன் எல்லாம் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய சட்டை திரும்பிப் போய்ச் சரியாகி வரும். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை. அவர் பையில், கைப்பிடியில், சில நாள் முழங்கையில் கூட ஒரு சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ஆதார் கார்டை லேமினேஷன் செய்ய வந்தார். கார்டை வாங்கிக்கொண்ட பிறகும் போகவில்லை.

"அண்ணா, ஒருத்தர் சொல்லச் சொல்ல நீங்க அடிப்பீங்களா?"

"அடிப்பேன். லெட்டரா?"

"கதை. சின்னப் பசங்க படிக்கறது."

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். எட்டிப் பார்த்தேன். பக்கம் பூராவும் கன்னடம்.

"எனக்குக் கன்னட டைப்பிங் வராதும்மா."

"தமிழ்க் கதைதாண்ணா. எழுத்துதான் கன்னடம்" என்றார். சொல்லும்போது நோட்டை மூடிவிட்டார்.

விஷயம் இதுதான். மௌரீன் கோலாரில், தங்கவயலில் பிறந்தவர். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வீட்டில், தெருவில், கோயிலில் எல்லாம் தமிழ். ஆனால் அப்பா, "இந்த ஸ்டேட்ல இருக்கோம், கன்னடம் படிச்சாத்தான் சர்க்கார் வேலை" என்று கன்னட மீடியத்தில் சேர்த்துவிட்டார். சர்க்கார் வேலையும் வரவில்லை, சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள், குடும்பம் பெங்களூர் வந்துவிட்டது. தமிழ் பேச்சில் தங்கியது, எழுத்து வரவில்லை. பன்னிரண்டு வயதில் மாதா கோயிலில் வாசகம் படிக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றிருக்கிறார். உபதேசியார் எல்லார் முன்னாலும், "தமிழ்ப் பொண்ணா பொறந்துட்டு தமிழ் படிக்கத் தெரியலியா? வெக்கமா இல்ல?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து பூசையில் பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மனப்பாடமாக வாயசைப்பதுதான் வழக்கம் என்றார். கட்டிய கணவருக்குக் கூடத் தெரியாது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

"நான் கத்துத் தர்றேன், ரெண்டே மாசம்" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வாசிக்க நான் அடிக்க, ஒரு எழுத்தாளருக்கு நான் இல்லாவிட்டால் எழுத்தே இல்லை என்பது எனக்கு உள்ளூர இனித்தது. வெட்கம் எங்கிருந்து ஆரம்பம் என்று கேட்டால் இங்கிருந்துதான்.

கதைகள் நன்றாக இருந்தன. நான் தமிழ் படித்த திமிரில் முதலில் முகம் சுளித்தேன். பிறகு அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். கம்பெனியிலேயே வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளுக்கு ஒரு குழந்தைகள் காப்பகம் உண்டு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மௌரீன் அங்கே போய் நோட்டை வைத்துக்கொண்டு கதை சொல்வார். எந்த வரியில் ஒரு பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்புகிறதோ, எந்த வரியில் "ஒண்ணுக்கு வருது" என்று எழுந்திருக்கிறதோ, அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு அம்பு. சாயங்காலம் வீட்டில் அந்த இடத்தைப் பிரித்துத் தைப்பார். ஒரு கதை என் கடைக்கு வருவதற்குள் நாற்பது அம்பு வாங்கியிருக்கும்.

ஒரு முறை நான், "யாரோட தப்பு அதிகம்னு கம்பெனியில கணக்கு வெச்சுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"யார் தெச்சாங்கன்னு செக்கர் கேக்கக் கூடாதுண்ணா. எங்க விட்டிருக்குன்னு மட்டும் காட்டணும்" என்றார்.

பிள்ளைகளுக்கு எழுதுவதைப் பற்றி அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. யாரையும் 'நல்லவர்' என்று கதையில் சொல்லக் கூடாது, அது பிள்ளைகள் முடிவு செய்ய வேண்டியது. யார் வந்தாலும் அவர் என்ன சாப்பிட்டார் என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை மனசு அதிலேயே நின்றுவிடும். அழவைப்பதற்காக எழுதினால் எந்தப் பிள்ளையும் அழாது. எலி செத்துப்போவதாக ஒரு கதையில் முதலில் எழுதியிருந்தார். காப்பகத்தில் ஒரு பிள்ளைகூடக் கண்கலங்கவில்லையாம். சாவை எடுத்துவிட்டு, எலி கொண்டுபோன டிபன் பாக்ஸ் அன்றைக்குத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது என்று மாற்றினார். நாலு வயதுப் பெண் ஒன்று, "அப்ப அவங்கப்பாக்குப் பசிக்கும்ல?" என்று தேம்ப ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்துக்கு அம்பு ஒட்டவில்லை.

அந்தக் கதைதான் 'எலியப்பாவின் துண்டு'. எலியப்பா தோளில் துண்டு, கையில் டிபனோடு காலையில் கிளம்பும். ஒரு பெரிய சக்கரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக் கீழே இறங்கும். சாயங்காலம் வரும். ஒரு நாள் டிபன் மட்டும் வந்துவிடும், எலியப்பா வராது. குட்டி எலி இரவெல்லாம் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். மறுநாள் கயிறு அசையும். கதையில் ஆறு இடத்தில் ஒரே வரி பல்லவி மாதிரி வரும். மௌரீன் அதை இப்படித்தான் வாசித்தார்: "விடிஞ்சதும் எலியப்பா குளிக்குப் போவாரு. பொழுது சாஞ்சதும் கருப்பா வருவாரு."

குழிக்குப் போவார். சுரங்கக் குழி. அவருடைய அப்பா இருபத்தெட்டு வருடம் துண்டும் டிபனுமாகப் போன இடம்.

தங்கவயல் நாக்குக்கு ழ கிடையாது. அவர் எழுதுகிற கன்னட எழுத்திலும் ழ கிடையாது. ழகரம் தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். நான் என்ன அடித்தேன் தெரியுமா? "விடிந்ததும் எலியப்பா குளிக்கப் போவார்." துண்டோடு போனால் குளிக்கத்தானே போவார் என்று என் காது தீர்மானித்துவிட்டது. ஒரு முறை அடித்து மற்ற ஐந்து இடத்திலும் அதையே ஒட்டினேன். முடித்ததும் அவருக்குப் படித்துக் காட்டினேன். குளிக்க, குளிக்கு. அவர் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது. தலையாட்டினார்.

கதையைப் புத்தகமாகப் போட்டபோது படம் போட்டவரும் நான் அடித்ததைப் பார்த்துக் கிணறு போட்டார். வட்டமாகக் குழி, மேலே ராட்டினம், கயிறு, துண்டு போட்ட எலி. மௌரீன் அட்டையைத் தடவிப் பார்த்து, "அப்படியே எங்கப்பா எறங்கற சாப்ட் மாதிரி போட்டிருக்காரு" என்று கண் கலங்கினார். பின்னட்டையில் ஆசிரியர் குறிப்பு நான் எழுதியது: 'சிறு வயது முதலே தமிழ் நூல்களில் திளைத்தவர்.' கூசாமல் எழுதினேன்.

புத்தகம் வந்து இரண்டு மாதத்தில் ஓசூரிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். புத்தகத்தில் என் கடை நம்பர்தான் இருக்கிறது. "தினமும் குளிக்கப் போய்த் தினமும் கறுப்பா வர்ற எலி! என்ன கற்பனை சார்! எங்க பசங்க உருண்டு உருண்டு சிரிக்குதுங்க" என்றார். போனை வைத்துவிட்டு ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஆறு இடத்திலும் என் தப்பு வரிசையாக நின்றது. காது வரைக்கும் சூடாகிவிட்டது.

மௌரீனிடம், பிள்ளைகளுக்குப் புத்தகம் ரொம்பப் பிடித்திருக்கிறதாம் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு வாயெல்லாம் பல். அந்தச் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் வேறு. ஊரையே ழகரத்துக்காகத் திருத்துகிறவன் ழகரத்தில் விழுந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எட்டு மாதம் அப்படியே ஓட்டினேன்.

இந்த ஜூலையில் பொம்மனஹள்ளியில் கோயில் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் தமிழ் வகுப்பு நடத்தும் நோரா டீச்சர் கூப்பிட்டார். முப்பது பிள்ளைகள், வகுப்பில் புத்தகத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள். ஆசிரியரே வந்து புத்தகத்தைப் படித்துக் காட்ட வேண்டும். மௌரீன் முடியவே முடியாது என்றார். நான்தான் வற்புறுத்தினேன். முழுக் கதையும் அவருக்கு மனப்பாடம், எங்கே பக்கம் திருப்புவது என்று தெரிந்தால் போதும். அவருடைய சிவப்பு அம்புகளையே எடுத்துப் பக்க ஓரங்களில் ஒட்டிக் கொடுத்தேன். மூன்று நாள் கடையில் ஒத்திகை. கண்ணை வரி மேல் ஓட்டுவது எப்படி என்று கூடச் சொல்லிக் கொடுத்தேன். எழுத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த நேரத்தில் பாதி வந்திருக்கும்.

படித்தது என்னவோ பிரமாதம். பிள்ளைகள் மூன்றாவது தடவையே பல்லவியைச் சேர்ந்து கத்த ஆரம்பித்துவிட்டார்கள். "கறுப்பாக வருவார்" என்றதும் ஹால் முழுக்கச் சிரிப்பு. மௌரீன் ஒரு நிமிடம் திகைத்து, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். காப்பகத்தில் அந்த வரிக்கு யாரும் சிரித்ததில்லை. நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

படித்து முடித்ததும் கேள்வி நேரம். கடைசிப் பாயிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஒன்பது வயதிருக்கும். பெயர் ரூபினி என்று டீச்சர் சொன்னார். வகுப்பில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறதாம்.

"ஆன்ட்டி, எலியப்பா தெனமும் குளிக்கப் போயும் ஏன் கறுப்பாவே வர்றாரு? சோப்பு இல்லயா?"

எல்லாரும் சிரித்தார்கள். மௌரீனுக்குப் புரியவில்லை. "சோப்பா? குளிக்குப் போனா கருப்பாத்தாம்மா வருவாங்க. எங்கப்பாவும் தெனமும் அப்படித்தான் வருவாரு" என்றார்.

ஹால் இரண்டு பட்டது. "ஆன்ட்டியோட அப்பா குளிக்கவே மாட்டாராம்!" என்று யாரோ கத்தினார்கள். மௌரீன் முகம் சுண்டிப்போனது. செத்துப்போன அப்பாவைப் பார்த்து முப்பது பிள்ளைகள் சிரிக்கிறார்கள், எதற்கென்று தெரியவில்லை. நான் அப்போதாவது எழுந்திருக்கலாம்.

ரூபினி சிரிக்கவில்லை. அவள் முன்னால் வந்து மேசையில் கையை ஊன்றி, "அந்த எடத்தை இன்னொரு வாட்டி படிங்க ஆன்ட்டி, நான் பாக்கறேன். எந்த லைனு? இதுவா?" என்று பக்கத்தில் விரலை வைத்தாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மௌரீன் அந்த விரலைப் பார்த்தார். எந்த வரி என்று அவருக்கு எப்படித் தெரியும்? நோரா டீச்சர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"நான் எதுக்கு மறுபடி படிக்கணும்? நீ படி" என்று புத்தகத்தை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

ரூபினி வாங்கிக்கொண்டாள். பார்த்தாள். "எனக்கு இன்னும் எழுத்து முழுசா வராது ஆன்ட்டி. ஆனா நான்…" என்று தன் பாய்ப் பக்கம் திரும்பினாள்.

"தமிழ்ப் பொண்ணா பொறந்துட்டு தமிழ் படிக்கத் தெரியலியா? வெக்கமா இல்ல?"

மௌரீன் குரல்தான். உபதேசியார் சொன்னதாக என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள், ஒன்றுகூட மாறவில்லை. பிள்ளைகள் இப்போது ரூபினியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் புத்தகத்தை மேசையில் சத்தம் வராமல் வைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டாள்.

அதன் பிறகு எங்களுக்கு டீ கொடுத்தார்கள், மௌரீனுக்குச் சால்வை போட்டார்கள். சால்வையோடு அவர் நின்ற நிலையைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கிளம்பும்போது நோரா டீச்சர் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ரூபினி விட்டுட்டுப் போயிட்டா. உங்க கதைதான் போல. அவ கன்னட ஸ்கூல், தமிழ் எழுத்து தெரியாது. அவங்கம்மா மங்களம் பொம்மசந்திராவுல வேலை பாக்கறாங்க. அவங்க தமிழ் படிச்சவங்க. ஷிப்ட் முடிஞ்சு வந்து தெனம் ஒரு பக்கம் வாசிப்பாங்களாம், இவ எழுதிக்குவாளாம். எனக்குக் கன்னடம் படிக்க வராது. இத நீங்களே குடுத்து ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லிடுங்க மேடம்."

மெட்ரோ தூணுக்குக் கீழே பஸ் ஸ்டாப்பில் மௌரீன் அந்த நோட்டைத் திறந்தார். தமிழ்க் கதை, கன்னட எழுத்து. ஒன்பது வயதுக் கையெழுத்து. தன்னுடைய அச்சுப் புத்தகத்தை மௌரீன் வாழ்க்கையில் முதன்முறையாகப் படித்தது அங்கேதான்.

இரண்டாவது பக்கத்தில் விரல் நின்றது.

"அண்ணா, 'குளிக்க'ன்னு எழுதியிருக்கா. 'க்கு' இல்ல, 'க்க'."

"குழந்தைதானே, தப்பா எழுதியிருக்கும்" என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். வாய் தானாகச் சொன்னது. மௌரீன் பக்கங்களைப் புரட்டினார். ஆறு இடத்திலும் விரல் வைத்துப் பார்த்தார்.

"ஒரே தப்பு ஆறு எடத்துல வந்தா அது தைக்கறவங்க தப்பு இல்லண்ணா. கட்டிங்லயே வந்த தப்பு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

சொல்லிவிட்டேன். கிணற்றுப் படம், ஓசூர் டீச்சரின் போன், எல்லாம்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"எட்டு மாசமா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப அந்தப் பசங்க எங்கப்பாவைப் பாத்து சிரிக்கல. குளிக்கப் போன எலியைப் பாத்து சிரிச்சிருக்குங்க. சிரிக்கத்தானே செய்யும்? நான் அதைத் தெரிஞ்சுக்காம அந்தப் பொண்ணைப் போய்…" என்று நிறுத்திவிட்டார். பஸ் வந்தது. ஏறி, எனக்குப் பக்கத்தில் இடமிருந்தும், முன்னால் போய் நின்றுகொண்டார்.

வெள்ளிக்கிழமை வரை ஆளைக் காணோம். வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தவர் உட்காரவில்லை. ரூபினி வீட்டுக்கு நோட்டோடு போனாராம். அவள் உள்ளே இருந்து வெளியே வரவில்லை. மங்களம் வாசலிலேயே நின்று நோட்டை வாங்கிக்கொண்டு, "வீடு தேடி வந்தீங்க, சரி. ஆனா நீங்க பேசினது முப்பது பேர் முன்னாடி மேடம். மன்னிப்பு மட்டும் யாரும் இல்லாத எடத்துலயா?" என்று கேட்டாளாம்.

"ஞாயித்துக்கெழமை அங்கயே போய்ச் சொல்லப் போறேன். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு."

"அவசரப்படாதீங்க. புத்தகத்துக்குப் பேரு கெட்டுடும்" என்றேன்.

"புத்தகத்துக்கா, உங்களுக்கா?"

பிறகு அவரே கொஞ்சம் தணிந்து, "உங்க பங்கை நீங்க சொல்லுவீங்களாண்ணா?" என்று கேட்டார்.

"சொல்லாம இருப்பேனா?" என்றேன். நிஜமாகவே சொல்வதாகத்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரூபினி வந்திருந்தாள். அம்மாவை ஒட்டிக் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் அவர்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில். மௌரீன் முன்னால் போய் நின்றார். கையில் அச்சுப் புத்தகம் இல்லை, தன்னுடைய பழைய கன்னட நோட்டு.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது" என்று ஆரம்பித்தார். "போன வாரம் படிச்ச மாதிரி நடிச்சேன். எல்லாம் மனப்பாடம். ரூபினி ஒரு வரியைக் காட்டச் சொன்னா, எனக்குக் காட்டத் தெரியல. பயந்துட்டேன். வெக்கமா இல்லயான்னு அவளைக் கேட்டேனே, அது என்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி."

முன்வரிசையில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அது பரவி, முப்பது பேரும் சிரித்தார்கள். பெரிய மனுஷி, புத்தகம் எழுதினவள், எழுத்து தெரியாதவள்! மௌரீன் நின்ற இடத்திலேயே நின்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. துடைக்கவில்லை. சிரிப்பு தானாக ஓயும் வரை அப்படியே வாங்கிக்கொண்டார்.

ரூபினி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "அப்ப கதையும் நீங்க எழுதலயா?" என்று கேட்டாள்.

எனக்கே நெஞ்சில் குத்தியது. ஒரு பொய்யைச் சொன்னவர்களிடம் பிள்ளைகள் அடுத்து எதைத்தான் நம்புவார்கள்? மௌரீன் நோட்டை நீட்டினார். ரூபினி போய் வாங்கினாள். திறந்ததும் முகம் மாறியது. "இது என்னோடது மாதிரியே இருக்கு" என்றாள்.

"படிம்மா. முடிஞ்சா சத்தமா."

அவள் தடுமாறாமல் படித்தாள். அம்பு ஒட்டியிருந்த இடங்களில் மட்டும் நின்று, என்ன இது என்று பார்த்துவிட்டு மேலே போனாள். பல்லவி வந்ததும் நிறுத்தினாள். "குளிக்கு… 'குளிக்க' இல்லயா ஆன்ட்டி?"

"இல்லம்மா. குளி. தோண்டின குளி. பூமிக்குள்ள ரொம்ப ஆழம். எங்கப்பா தங்கம் எடுக்க அதுக்குள்ளதான் தெனமும் போவாரு. மேல வரும்போது தூசி அப்பிக் கருப்பா இருப்பாரு. எனக்கு அப்ப உன் வயசு. குளிச்சிட்டு வந்து கிட்ட உக்காருப்பான்னு தொரத்துவேன். ஸ்கூல் பக்கம் அப்படியே வந்துடாதேன்னு சொல்லியிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. ரூபினி நோட்டில் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்தாள். பிறகு மிச்சக் கதையைப் படித்தாள். திறக்காத டிபன் பாக்ஸ் வந்த இடத்தில் ஹாலில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. கயிறு அசைந்ததும் ஒரு பிள்ளை "ஹப்பா!" என்றது.

"என் கையெழுத்தை என்னைத் தவிர இன்னொருத்தர் படிச்சு இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்று மௌரீன் நோரா டீச்சரிடம் சொன்னார். எத்தனை பேர் அந்தப் புத்தகத்தை வாங்கினார்கள் என்று நான் சொன்னபோதெல்லாம் அந்த முகம் இப்படி ஆனதில்லை.

ரூபினிக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "உங்க நோட்டுல கரெக்டா இருக்கு. அப்ப புக்குல யாரு ஆன்ட்டி தப்பா போட்டது?"

நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். கையைத் தூக்கினால் போதும். முப்பது பிள்ளைகள் சிரிப்பார்கள். மௌரீனைப் பார்த்துச் சிரித்ததில் பாதிகூட இருக்காது. ழகரத்துக்காக நான் வாசலில் நிறுத்தித் திருத்தி அனுப்பிய முகங்களெல்லாம் என் முன்னால் வந்து நின்றன.

மௌரீன் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் எழுந்திருக்க எனக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தார். அது போதாதபோது இன்னும் கொஞ்சம் கொடுத்தார். பிறகு, "யார் தெச்சாங்கன்னு செக்கர் கேக்கக் கூடாதும்மா. எங்க விட்டிருக்குன்னு மட்டும் காட்டணும்" என்றார். பையிலிருந்து ஆறு சிவப்பு அம்பை எடுத்து ரூபினி கையில் ஒட்டிவிட்டார். அவள் வகுப்பில் இருந்த அச்சுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அம்மாவோடு உட்கார்ந்து, ஆறு இடத்தையும் தேடித் தேடி ஒட்டினாள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அந்த ஆறு இடத்தையும் தப்பாக அடித்தவன் குடியாத்தம் குணசேகர். இதோ எழுதிவிட்டேன். தமிழில்தான் எழுதியிருக்கிறேன், எனக்குத் தெரிந்த எழுத்து அதுதான். அதில் ஒரு சௌகரியம் இருப்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியவேண்டிய பெண்ணுக்கு இதை இன்னும் படிக்க வராது.

மௌரீன் இப்போது என் கடைக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கடைசிப் பாயில், ரூபினிக்குப் பக்கத்தில் சிலேட்டோடு உட்காருகிறாராம். நேற்று நோரா டீச்சர் ஏதோ அழைப்பிதழ் அடிக்கப் போன் செய்தார். பேச்சுவாக்கில் சொன்னார், இரண்டு பேரும் ழ வரைக்கும் வந்துவிட்டார்களாம்.